செயின் சா எந்தப் பக்கம் தள்ளும்?

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. விடிந்து கதவைத் திறந்தபோது எங்கள் தோப்புக்குள் கால் வைக்க வழியில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகத் தென்னை கிடந்தது. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, வேதாரண்யம் என்று எங்கே போனாலும் அதே கோலம்தான். அரிவாளையும் கோடாரியையும் வைத்துக்கொண்டு எத்தனை மரத்தைத் துண்டு போட முடியும்? எங்கள் பக்கம் பல வீடுகளுக்குள் செயின் சா என்கிற மரம் அறுக்கும் மிஷின் முதன்முதலாக வந்தது அப்போதுதான்.

நானும் ஒன்று வாங்கினேன். 58 சிசி, 22 அங்குல பிளேடு. பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலப்பது, கயிற்றை எப்படி இழுப்பது என்று கடைக்காரர் காட்டினார். அதோடு பாடம் முடிந்தது. முதல் நாளே பிளேடு மரத்துக்குள் மாட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. மூன்றாம் நாள், ஒரு மரத்தின் தலைப்பக்கம் மட்டைகளுக்கு நடுவே அறுத்துக்கொண்டிருந்தேன். மிஷின் சட்டென்று மேல்நோக்கி எகிறி, என் வலது தோளுக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. எகிறியதை நான் பார்க்கவே இல்லை. நின்ற பிறகுதான் பார்த்தேன்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஏன் அப்படி ஆனது என்று தெரியாமல் மறுபடி அதைத் தொட மனம் வரவில்லை. பல வருடமாக மரம் அறுப்பதே தொழிலாக இருக்கும் ஒரு அண்ணன் வந்தார். மிஷினை அணைத்து, ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு செயினைக் கையால் மெல்ல நகர்த்திக் காட்டினார். "தம்பி, இது எந்தப் பக்கம் தள்ளும்னு முதல்ல தெரிஞ்சுக்க. மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். அவர் காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக மிஷின் வாங்கியவர்கள், வாங்கப் போகிறவர்கள், மரம் அறுக்க ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மூன்று தள்ளல்கள்

மிஷினைக் கையில் பிடித்தபடி பக்கவாட்டில் பாருங்கள். எஞ்சின் உங்கள் பக்கம், பிளேடு உங்களுக்கு எதிரே நீண்டிருக்கிறது. செயின் பிளேடின் மேல் விளிம்பில் உங்களை விட்டு விலகி முனையை நோக்கி ஓடுகிறது. முனையில் வளைந்து திரும்பி, கீழ் விளிம்பு வழியாக உங்களை நோக்கி வருகிறது. முழு வேகத்தில் இது விநாடிக்கு 20 மீட்டருக்கு மேல். நால்வழி ரோட்டில் மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் போகிற வண்டியின் வேகம் அது.

செயின் மரத்தைப் பிடித்து இழுக்கிறது. மரம் அசையாது. அப்போது மரத்துக்குப் பதிலாக மிஷின்தான் எதிர்ப்பக்கம் நகரப் பார்க்கும். படகில் இருந்தபடி கரையிலுள்ள முளையை இழுத்தால் படகு கரைக்கு வருகிறதே, அதே கதை.

கீழ் விளிம்பால் அறுக்கும்போது செயின் உங்களை நோக்கி ஓடுகிறது, ஆகவே மிஷின் உங்களை விட்டு விலகி மரத்தை நோக்கி இழுபடும். எஞ்சின் உடம்பு மரத்தில் போய்ச் சாய்ந்துகொள்ளும். அந்த இடத்தில் சிறு முட்கள் போல இரும்புப் பற்கள் இருக்கின்றன. அவற்றை மரத்தில் ஊன்றிவிட்டால் மிஷின் அங்கேயே நிற்கும், நீங்கள் பின்பிடியை மெல்ல உயர்த்தினாலே பிளேடு இறங்கும். புதியவருக்கு ஏற்றது இந்த வெட்டுதான்.

மேல் விளிம்பால் அறுத்தால், அதாவது மரத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி அறுத்தால், எல்லாம் தலைகீழ். செயின் உங்களை விட்டு விலகி ஓடுகிறது, மிஷின் உங்கள் மேல் தள்ளிக்கொண்டு வரும். தொடையும் இடுப்பும் அந்தத் தள்ளலைத் தாங்கும்படி நின்றால் சமாளிக்கலாம். எதிர்பாராமல் வந்தால் இரண்டடி பின்னால் தடுமாறுவீர்கள். பின்னால் மட்டையோ தேங்காயோ கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, முனை. அன்று என் மேல் எகிறியது இதுதான். பிளேடின் முனை அரைவட்டமாக இருக்கும். அதன் மேல்பாதியில், மணி பார்க்கும் முகப்பில் 12-க்கும் 3-க்கும் நடுவே இருக்கிற கால்வட்டம் எதிலாவது பட்டால், மிஷின் நேராகப் பின்னால் வராது. முனை மேலே கிளம்பி, பிளேடு ஒரு வில்லைப் போலச் சுழன்று உங்கள் முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான் எடுக்கும். கண் பார்த்து, மூளை சொல்லி, கை நகர்வதற்கு அதைவிட அதிக நேரம் ஆகும். "ஜாக்கிரதையாகப் பிடித்துக்கொள்வேன்" என்பது இங்கே செல்லாததற்குக் காரணம் இதுதான். எகிறிய பிறகு செய்ய எதுவும் இல்லை, எகிறுவதற்கு முன்னால் மட்டும்தான் இருக்கிறது.

முனை ஏன் எகிறுகிறது

மிஷினை அணைத்துவிட்டுச் செயினைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கும் முன்னால், காளையின் திமில் போல ஒரு சின்ன மேடு இருக்கும். பல்லை விட அது கொஞ்சம்தான் தாழ்ந்திருக்கும், பொதுவாக 0.65 மில்லிமீட்டர். அந்தத் திமில் மரத்தின் மேல் வழுக்கிக்கொண்டு முன்னே போகும். பின்னால் வரும் பல், திமிலுக்கும் தனக்கும் உள்ள உயர வித்தியாசம் அளவுக்கு மட்டும் மரத்தைச் சீவும். எவ்வளவு கடிக்கலாம் என்று பல்லுக்குக் கட்டுப்பாடு போடுவது திமில்.

நேரான விளிம்பில் இந்த ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்கிறது. முனையின் வளைவில் அது கெடுகிறது. திமில் வளைவில் இறங்கிப் போய்விட்டிருக்கும், பல் இன்னும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கட்டுப்பாடு இல்லாத பல் ஒரே கடியில் மரத்தை ஆழமாகக் கவ்விவிடும். செயின் அங்கே ஒரு கணம் தடுமாறி நிற்கும். ஆனால் எஞ்சின் நிற்கவில்லை. செயினை ஓட்ட வேண்டிய அந்த வலு முழுக்க மிஷினையே தூக்கி எறிகிறது.

இந்தச் சீவும் பல்லின் வடிவம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரத்தொழிலாளி, ஒரு வண்டின் புழு மரத்தைக் குடைந்துகொண்டு போவதைக் கவனித்தார். அது நேரே கடிக்கவில்லை. வாயின் இரு பக்கமும் மாறி மாறி, இடமும் வலமுமாகச் சீவிக்கொண்டு போனது. அதைப் பார்த்து இடம் ஒன்று வலம் ஒன்று என்று வளைந்த பற்களை வைத்துச் செயின் செய்தார். 1947-ல் அது விற்பனைக்கு வந்தது. இன்று உங்கள் கையில் இருக்கும் செயினும் அதே அமைப்புதான். தென்னையைக் குடையும் வண்டோடு வருடம் முழுக்கப் போராடுகிறவன் என்பதால், இதைக் கேட்டபோது எனக்கு அந்தப் புழுவின் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

சரி, முனை எப்போது படும்? தெரிந்தே யாரும் முனையை எதிலும் வைப்பதில்லை. நீங்கள் அறுப்பது முன்னால் கிடக்கும் மரம். முனை அந்தப் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு, மட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும் இன்னொரு மரத்தைத் தொடும். எனக்கு நடந்தது அதுதான். கிளைகள் அடர்ந்த வேம்பிலோ புளியிலோ ஒரு கிளையை அறுக்கும்போது பின்னால் இருக்கும் கிளையில் படும். பாதி அறுத்துவிட்டு எடுத்த பிளேடைப் பழைய வெட்டுக்குள் மறுபடி நுழைக்கும்போது முனை முதலில் படும். ஆகவே அறுக்கும் முன் மரத்தின் மறுபக்கம் போய்ப் பாருங்கள். மட்டையை இழுத்துப் போடுங்கள், பிளேடின் நீளத்துக்கு இடம் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். அரைமணி நேரம் அரிவாள் பிடித்து ஒதுக்கிய பிறகு மிஷினை எடுத்தால் போதும். அந்த அரைமணி வீண் என்று நினைக்கிறவர்களோடு நான் வேலைக்குப் போவதில்லை.

பிடிப்பது, நிற்பது

முனை எகிறினாலும் உங்கள் மேல் படாமல் இருக்க வழி உண்டு. அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. பிளேடை அப்படியே மேலே தூக்கினால் எந்த வழியாகப் போகும் என்று மனதில் ஒரு கோடு போடுங்கள். உங்கள் தலையும் கழுத்தும் அந்தக் கோட்டுக்கு இடப்புறம் இருக்க வேண்டும், நேர் பின்னால் அல்ல. அன்று நான் தப்பியது திறமையால் அல்ல. மட்டை இடித்ததால் தற்செயலாக இடப்பக்கம் ஒதுங்கி நின்றேன், அதனால் மிஷின் தோளுக்கு அப்பால் போனது.

இடது கை முன்பிடியில், வலது கை பின்பிடியில். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இதே முறைதான், மிஷின் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இடது கட்டைவிரல் முன்பிடியைச் சுற்றி அடியில் வளைந்து கவ்வியிருக்க வேண்டும். மற்ற நான்கு விரலோடு சேர்த்து மேலே வைத்தால் எகிறும்போது பிடி கழன்றுவிடும். இடது முழங்கையை மடக்காமல் நேராக வைத்தால், தூக்கும் வேகத்தைத் தோள் வாங்கிக்கொள்ளும். மிஷினை உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். கையை நீட்டி எட்டி அறுப்பது, தோளுக்கு மேலே தூக்கி அறுப்பது, ஏணியில் நின்று அறுப்பது, ஒற்றைக் கையால் பிடித்து மறு கையால் கிளையைப் பிடிப்பது, இந்த நான்கையும் எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள். மரத்தில் ஏறி அறுக்கிறவர்கள் கயிறு, கச்சை, வேறு வகை மிஷின், தனிப் பயிற்சியோடு வருகிறவர்கள். அது வேறு தொழில்.

முன்பிடிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தகடு நிற்கும். கையில் கிளை படாமல் இருக்க வைத்தது என்று நான் நினைத்திருந்தேன். அதுதான் செயின் பிரேக். மணிக்கட்டால் முன்னே தள்ளினால் ஒரு இரும்புப் பட்டை கிளட்சை இறுக்கிப் பிடித்துச் செயினை நிறுத்திவிடும். நல்ல மிஷின்களில் எகிறும் வேகத்திலேயே தகடு தானாக முன்னே விழும். இதைத் தினமும் சோதித்துப் பாருங்கள். மிஷினைத் தரையில் நிலையாக வைத்து, பிளேடு எதிலும் படாமல், முழு ஆக்ஸிலேட்டரில் ஒரு கணம் ஓடவிட்டு, பிடியை விடாமல் மணிக்கட்டால் தகட்டைத் தள்ளுங்கள். செயின் அந்த நொடியே நிற்க வேண்டும். மெல்ல ஓடி நின்றால் பட்டை தேய்ந்திருக்கிறது, அன்றைக்கு வேலை கிடையாது. தகடு ஒடிந்ததும் கழற்றி வீசிவிட்டு வேலை செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தகட்டின் விலையையும் கழுத்தையும் ஒரே தராசில் வைக்கிற வேலை அது, பார்க்கும்போதே மனது பதறுகிறது.

இரண்டு அடி நடந்தாலும் பிரேக்கைப் போட்டுவிட்டு நடக்க வேண்டும். கிளட்ச் சரியில்லாத மிஷினில், விரலை எடுத்த பிறகும் செயின் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். ஐடிலிங்கில் செயின் அசையவே கூடாது. அசைந்தால் மெக்கானிக்கிடம் கொடுத்து ஐடிலிங்கைக் குறைக்கச் சொல்லுங்கள்.

மரமும் தள்ளும்

இதுவரை சொன்னது மிஷின் தள்ளுவது. புயலில் விழுந்த மரமும் தள்ளும், அதை உணராததால்தான் முதல் நாளே என் பிளேடு மாட்டிக்கொண்டது.

ஒரு பச்சை மூங்கில் கழியை முழங்காலில் வைத்து இரு கையாலும் வளைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் இழுபட்டு விறைப்பாக இருக்கும், உள்பக்கம் நசுங்கி நெருக்குப்பட்டிருக்கும். விழுந்த மரம் ஒவ்வொன்றும் இப்படி எங்கேயாவது வளைந்துதான் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு வளைவு என்றாலும் உள்ளே இறுக்கம் இருக்கும். நெருக்குப்பட்ட பக்கத்தில் அறுத்தால் வெட்டு வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். இழுபட்ட பக்கத்தில் அறுத்தால் வாய் திறக்கும், அதே நேரம் மரம் திடீரென்று பிளந்து பாயும்.

ஒரு தென்னை வாய்க்காலுக்குக் குறுக்கே விழுந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூர் ஒரு கரையில், தலை மறு கரையில், நடுவில் தாங்க ஒன்றுமில்லை. நடுப்பகுதி தன் கனத்தால் தொய்கிறது. ஆகவே மேல்பக்கம் நெருக்குப்பட்ட பக்கம், அடிப்பக்கம் இழுபட்ட பக்கம். நான் மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனேன், பாதிக்கு மேல் போனதும் வாய் மூடிவிட்டது. சரியான முறை இது. முதலில் மேலிருந்து மரத்தின் பருமனில் மூன்றில் ஒரு பங்குக்குள் அறுத்து நிறுத்த வேண்டும். ஒரு அடிப் பருமன் என்றால் நான்கு அங்குலம் தாண்டக் கூடாது. அப்புறம் அடியிலிருந்து பிளேடின் மேல் விளிம்பால் மேல்நோக்கி அறுத்து இரண்டு வெட்டையும் சேர்க்க வேண்டும். மிஷின் உங்கள் மேல் தள்ளும் வெட்டு இது என்பது ஞாபகம் இருக்கட்டும். மரம் கீழே இறங்கும்போது கால் அடியில் இருக்கக் கூடாது.

அடியிலிருந்து அறுக்க பயமாக இருந்தால் ஆப்பு இருக்கிறது. மேலிருந்து பிளேடு முழுக்க மரத்துக்குள் இறங்கும்வரை அறுத்துவிட்டு, வெட்டு வாயில் பிளேடுக்குப் பின்னால் ஆப்பை அடித்து வைத்தால் வாய் மூடாது, தொடர்ந்து அறுக்கலாம். பிளாஸ்டிக் ஆப்பு கடைகளில் கிடைக்கும், நல்ல காய்ந்த மரத்தில் நாமே செதுக்கியும் கொள்ளலாம். இரும்பு ஆப்பு மட்டும் வேண்டாம், செயின் பட்டால் பல் தெறிக்கும்.

மரத்தின் ஒரு முனை வரப்பின் மேல் ஏறி அந்தரத்தில் தொங்கினால் கணக்கு மாறிவிடும். அப்போது மேல்பக்கம் இழுபட்டது, அடிப்பக்கம் நெருக்குப்பட்டது. முதல் மூன்றில் ஒரு பங்கை அடியிலிருந்து அறுத்துவிட்டு, மீதியை மேலிருந்து முடிக்க வேண்டும். முழுக்க மேலிருந்தே அறுக்கப் பார்த்தால் பாதியில் மரம் நீளவாக்கில் பட்டையோடு கிழிந்து இறங்கும்.

ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் ஒரு நிமிடம் நின்று, எங்கே தாங்கியிருக்கிறது, எங்கே தொங்குகிறது, அறுந்ததும் எந்தத் துண்டு எங்கே போகும் என்று யோசித்துப் பார்ப்பது பழகிவிட்டால் வேலையில் பாதி முடிந்த மாதிரி. வாய் விட்டுச் சொல்லிப் பார்ப்பது இன்னும் நல்லது. அந்த அண்ணன் இன்றும் அப்படித்தான், "மேல நெருக்கம், கீழ இழுப்பு" என்று முணுமுணுத்துக்கொண்டுதான் மிஷினைத் தூக்குவார்.

வேரோடு சாய்ந்த மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்ப்பதற்கு இது ஆபத்தாகவே தெரியாது. தென்னை சாயும்போது தூர் மண்ணோடு பெயர்ந்து ஒரு சுவர் போல நிமிர்ந்து நிற்கும், அடியில் பெரிய குழி இருக்கும். அந்தத் தூரைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது படுத்துக் கிடக்கும் மரத்தின் கனம்தான். மரத்தை அறுத்து அந்தக் கனத்தை எடுத்ததும் தூர் படாரென்று குழிக்குள் திரும்பி உட்காரும், அறுத்த முண்டம் நிமிர்ந்துகொள்ளும். குழிக்குள் குழந்தைகள் விளையாடுவார்கள், தேங்காய் பொறுக்க ஆட்கள் இறங்குவார்கள். குழியைப் பார்க்காமல் மிஷினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். சில மரங்களில் தூர் எதிர்ப்பக்கம், அறுக்கிறவர் மேலேயே கவிழவும் கூடும். ஜேசிபியால் தூரைப் பிடித்துக்கொண்டு அறுப்பதுதான் நாங்கள் கடைசியில் கண்ட வழி. ஜேசிபி வராத மரத்தைத் தூர்ப்பக்கம் தொடாமல் விட்டுவிட்டோம்.

விழுந்த மரத்துக்கு அடியில் வில்லாக வளைந்து மாட்டியிருக்கும் சவுக்கும் தேக்குக் கன்றும் இன்னொரு வகை. கை பருமன்தான் இருக்கும், ஒரு நொடியில் அறுத்துவிடலாம் என்று தோன்றும். அறுந்ததும் அது நிமிரும் வேகத்தில் தாடையை உடைத்துவிடும். புதியவர் அதை விட்டுவிடுவது நல்லது.

மின்கம்பியில் சாய்ந்த மரத்துக்கோ, கம்பி அறுந்து மேலே கிடக்கும் மரத்துக்கோ பக்கத்திலேயே போகாதீர்கள். ஊரில் கரண்ட் இல்லை என்பது கணக்கில்லை, யாராவது ஜெனரேட்டரைப் போட்டிருந்தால் கம்பியில் கரண்ட் திரும்பி வரலாம். மின்வாரிய ஆட்கள் வந்து துண்டித்துச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்.

மழுங்கிய செயின்

கூர்மையான செயின்தான் ஆபத்து என்று நினைப்போம். கூர் போனதுதான் ஆபத்து. கூரான செயின் மரத்தைச் சீவல் சீவலாக வெளியே தள்ளும், மிஷின் தன் கனத்திலேயே இறங்கும். மழுங்கினால் மாவு போலத் தூள் வரும், புகை வரும், அறுப்பு ஒரு பக்கமாக வளைந்து போகும். அப்போது நாம் மிஷினை அழுத்த ஆரம்பிப்போம். அழுத்தும்போது மரம் அறுந்ததும் பிடிமானம் போய் பிளேடு நேராகக் காலை நோக்கி வரும். தென்னை வெளிப்புறம் கெட்டி, உள்ளே சோறு. புயலில் விழுந்ததில் மண்ணும் அப்பியிருக்கும், செயின் வெகு சீக்கிரம் மழுங்கும். பிளேடு ஒருமுறை மண்ணைத் தொட்டாலே போதும்.

உருண்டை அரம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பருமன் செயினைப் பொறுத்தது, உங்கள் மிஷினின் புத்தகத்தில் போட்டிருக்கும். 0.325 அங்குலச் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் அரம். பல்லின் மேலுள்ள கோட்டுக்கு இணையாக, பெரும்பாலும் 30 பாகையில், உள்ளிருந்து வெளியே மட்டும் இரண்டு மூன்று தரம் தள்ள வேண்டும். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. திமிலைக் கண்டபடி ராவிவிடாதீர்கள். வேகமாக அறுக்கும் என்று சிலர் அதைத் தாழ்த்திவிடுகிறார்கள். கட்டுப்பாடு குறைந்தால் பல் ஆழமாகக் கவ்வும், முனை எகிறுவதும் கூடும் என்று மேலே பார்த்தோம்.

செயின் தொங்கக் கூடாது. பிளேடின் நடுவில் மேல்பக்கம் விரலால் தூக்கி விட்டால் டப்பென்று தன் இடத்துக்குப் போக வேண்டும், கையால் இழுத்தால் சுலபமாக ஓடவும் வேண்டும். வேலையில் சூடாகிச் செயின் நீளும், நடுநடுவே இறுக்க வேண்டும். வேலை முடிந்ததும் தளர்த்தி வையுங்கள், குளிர்ந்து சுருங்கும்போது இறுகிப்போகும். செயின் ஆயில் தனி டாங்கு. பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றாதீர்கள், அது செயினில் ஒட்டி நிற்காது, உங்கள் மேலும் தெறிக்கும்.

உடுப்பு

கைலியும் ரப்பர் செருப்புமாக இந்த மிஷினைப் பிடிப்பவர்களைத்தான் எங்கும் பார்க்கிறோம். கைலி நுனி ஒருமுறை செயினில் சிக்கினால் தொடையை இழுத்துக்கொண்டுதான் நிற்கும். இதற்கென்று வரும் கால்சட்டையின் முன்பக்கத்தில் நீளமான நூலிழைகள் அடுக்கடுக்காக இருக்கும். செயின் பட்டதும் அந்த இழைகள் வெளியே இழுபட்டுப் பல் சக்கரத்தில் சுற்றி மிஷினையே நிறுத்திவிடும். துணி தடுப்பது இல்லை, செயினைத் திணற வைக்கிறது. இது கொஞ்சம் விலைதான். ஆனால் மிஷினுக்குப் பணம் கொடுத்த கையாலேயே இதற்கும் கொடுத்துவிட வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். வாங்க முடியாதவர்கள் குறைந்தபட்சம் இறுக்கமான தடித்த பேண்ட்டும் நல்ல பூட்சும் போடுங்கள், அது தடுக்காது, சிக்காமல் இருக்கும், அவ்வளவே. வலை முகமூடியும் காதுமூடியும் சேர்ந்த தலைக்கவசம் கிடைக்கிறது. இந்த மிஷினின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், 85-க்கு மேல் நாள் முழுக்கக் கேட்டால் காது போகும்.

செயின் காயம் அரிவாள் காயம் போல இருக்காது. அரிவாள் பிளக்கும். செயின் கால் அங்குல அகலத்துக்குச் சதையையே எடுத்துவிடும், தைத்துச் சேர்ப்பது கஷ்டம். பட்டால் சுத்தமான துணியை வைத்து இரு கையாலும் பலமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். அழுத்தத்தை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். தோப்பில் ஒருவர் மட்டும் தனியாக வேலை செய்யக் கூடாது என்பது இதற்காகத்தான். கூட வருகிறவர் பிளேடு எட்டாத இடத்தில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நிற்கட்டும்.

ஸ்டார்ட் செய்யும் முறை

மிஷினைத் தரையில் வைத்து, பிரேக்கைப் போட்டு, பின்பிடி வளையத்துக்குள் வலது பூட்சின் நுனியை நுழைத்து மிதித்துக்கொள்ளுங்கள். இடது கை முன்பிடியை அழுத்தியிருக்க, வலது கையால் கயிற்றை இழுக்க வேண்டும். ஒரு கையில் மிஷினைத் தூக்கி எறிகிற மாதிரி இறக்கியபடியே மறு கையால் கயிறு இழுப்பதைப் பலர் பெருமையாகச் செய்கிறார்கள். அந்த நேரத்தில் பிளேடு காலுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் ஊற்றும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்யுங்கள், சிந்திய பெட்ரோல் பற்றாது.

நிற்கிற மரத்தைச் சாய்ப்பது பற்றி இங்கே எழுதவில்லை, வேண்டுமென்றேதான். அதை எழுத்தில் படித்துச் செய்யக் கூடாது, தெரிந்தவரோடு பல மரம் நின்று பார்த்த பிறகுதான் செய்ய வேண்டும்.

முதல் நாள் தோப்புக்குப் போக வேண்டாம். அரையடிப் பருமனில், ஆளுயரத்துக்கு ஒரு காய்ந்த மரத்துண்டை எடுத்து, இரண்டு கட்டையின் மேல் முட்டுக் கொடுத்து வையுங்கள், உருளாமல் இருக்க இருபக்கமும் ஆப்பு. ஒரு முனை முட்டுக்கு வெளியே ஒரு முழம் நீட்டியிருக்கட்டும். அந்த நீட்டிய பகுதியில், தொங்கும் முனைக்குச் சொன்ன கணக்குப்படியே, முதலில் அடியிலிருந்து இரண்டு அங்குலம் அறுங்கள். மிஷின் உங்கள் மேல் தள்ளுவதைத் தொடையில் உணர்வீர்கள். மீதியை மேலிருந்து, இரும்புப் பற்களை ஊன்றி அறுங்கள், இப்போது அது மரத்தை நோக்கி இழுபடும். கடைசி அங்குலத்தில் அழுத்துவதை நிறுத்திவிட்டு மிஷினின் கனத்துக்கே விட்டுவிடுங்கள். துண்டு விழுந்ததும் ஆக்ஸிலேட்டரை விட்டு, மணிக்கட்டால் பிரேக்கைத் தள்ளி, செயின் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகு மிஷினை இறக்குங்கள். பத்துத் துண்டு இப்படி. பதினொன்றாவது துண்டுக்குக் கை தானாகப் பிரேக்குக்குப் போனால் மறுநாள் தோப்புக்குப் போகலாம். போகாவிட்டால் இன்னொரு பத்து.